சாமான் வந்து சேராத புது வீட்டில் பிறந்தநாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவி கைக்கு வந்துவிட்டது. கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை எல்லாம் இன்னும் வழியில் இருக்கின்றன. அந்த இடைவெளியில் வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்து நிற்கிறது. வீடு மாறுகிற குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சாமான் இல்லாத வீட்டிலும் பிறந்தநாளை நிறைவாகக் கொண்டாட முடியும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு முன்னால் தூக்கம், வெளிச்சம், தண்ணீர் ஆகிய மூன்றையும் சரிசெய்துவிட வேண்டும். அதனால் சில பதில்கள் பிறந்தநாளைப் பற்றியும், சில வீட்டைப் பற்றியும் இருக்கும்.

சாமான் வந்த பிறகு பிறந்தநாளை வைத்துக்கொள்ளலாமா?

பெரிய விருந்தை வேண்டுமானால் தள்ளி வையுங்கள். பிறந்தநாளைத் தள்ளாதீர்கள். அந்தத் தேதியிலேயே சின்னதாக ஒன்று செய்துவிடுங்கள்.

சாமான் வரும் தேதியை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. தூரத்து இடமாற்றம் என்றால் பல வீட்டுச் சாமான்களை ஒரே லாரியில் ஏற்றுவது வழக்கம். உங்களுக்கு முன்னால் இறக்க வேண்டிய வீட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றால்கூட உங்கள் தேதி நகர்ந்துவிடும். அடுத்த சனிக்கிழமை என்று சொல்லி வைத்தால், அதற்கடுத்த சனிக்கிழமைக்கும் சமாதானம் சொல்ல நேரும். அப்படியே வந்து சேர்ந்தாலும் அன்றைக்கு ஓய்வு கிடைக்கப்போவதில்லை. பெட்டி பிரிக்கும் வேலையே அப்போதுதான் தொடங்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பிறந்தநாள் விழா நடந்தால்தான் வயது கூடும் என்று சின்னக் குழந்தைகளில் சிலர் உண்மையாகவே நம்புகிறார்கள். விழா நடக்காத குழந்தைக்கு இப்போது எத்தனை வயது என்று 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்த உளவியல் ஆய்வுகளில் இது தெரியவந்திருக்கிறது. கேக்கும் பாட்டும் இல்லாமல் ஒரு நாள் போனால், தான் இன்னும் நான்கு வயதுதான் என்று அந்தக் குழந்தை எண்ணிக்கொள்ளலாம். பழைய அறை, பழைய ஜன்னல், பக்கத்து வீட்டுத் தோழி எல்லாம் ஒரே வாரத்தில் இல்லாமல் போன குழந்தை அது. "இன்றைக்கு உனக்கு ஐந்து" என்று எல்லோரும் சுற்றி நின்று சொல்வது அதற்கு மிகவும் தேவை.

இரண்டு வயதுக்கும் கீழே என்றால் தேதி தெரியாது. நாலு நாள் முன்பின் ஆனாலும் ஒன்றும் இல்லை. அந்தப் பிறந்தநாள் பெற்றோருக்குத்தான். உங்களுக்கு எது சுலபமோ அதைச் செய்யுங்கள்.

லாரியில் ஏற்றாமல் கையோடு என்னவெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

மருந்துகள், முக்கியமான ஆவணங்கள், ஆளுக்கு மூன்று நாள் துணி, சார்ஜர்கள், துண்டு, சோப்பு ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. மறந்துபோகிறவற்றைச் சொல்கிறேன்: கத்தரிக்கோல், நல்ல கத்தி ஒன்று, தீப்பெட்டி, எக்ஸ்டென்ஷன் போர்டு, ஸ்குரூடிரைவர், குப்பைப் பைகள், துடைக்கிற பழைய துணி, இரண்டு மூன்று பல்புகள். முன்பு குடியிருந்தவர்கள் பல்புகளைக் கழற்றிக்கொண்டு போயிருக்கலாம். ராத்திரி போய் இறங்குகிறவர்கள் அதைச் சுவிட்சைத் தட்டும்போதுதான் தெரிந்துகொள்வார்கள்.

இதோடு ‘பிறந்தநாள் பை’ என்று ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஊதாத பலூன்கள், ஒரு சுருள் காகித டேப், கொஞ்சம் வண்ணக் காகிதம், ஒரு தடித்த மார்க்கர், பொட்டலம் கட்டிய பரிசு. எல்லாம் சேர்த்தும் ஒரு பள்ளிப் பை அளவைத் தாண்டாது. அதன்மேல் பெயர் எழுதி, உங்கள் கைப்பையோடு வைத்துக்கொள்ளுங்கள். பரிசை லாரியில் ஏற்றிவிட்டு, "எந்தப் பெட்டியில் போட்டோம்?" என்று தேடுகிற பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டி கிடைத்தால்தானே தேடுவதற்கு?

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உங்கள் வீட்டில் தவறாமல் வெளியே வரும் ஒரு பொருள் இருந்தால், அதையும் கையோடு எடுத்துப் போங்கள். அது ஒரு தட்டாகவோ, ஒரு தொப்பியாகவோ, பாட்டி தைத்த ஒரு துணியாகவோ இருக்கலாம். குழந்தை தேடப்போவது அதைத்தான்.

கட்டில் இல்லை. தரையில் எல்லோரும் எப்படிப் படுப்பது?

பிறந்தநாளன்று யாரும் முதுகுவலியோடு எழுந்திருக்கக் கூடாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தரை குளிர்ச்சியாக இருந்தால் மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் குளிர் விடாது. உடம்புச் சூடு கீழ்ப்பக்கமாகத்தான் போய்க்கொண்டே இருக்கும். கையில் இரண்டு போர்வை இருந்தால் ஒன்றைக் கட்டாயம் அடியில் விரியுங்கள். பிரித்த அட்டைப்பெட்டியைத் தரையில் போட்டு, அதன்மேல் பாயோ ஜமுக்காளமோ விரித்தால் நல்ல வித்தியாசம் தெரியும். அட்டையின் நெளிவுகளுக்குள் அடைபட்ட காற்று சூட்டைத் தடுத்து நிறுத்தும்.

காற்று மெத்தைக்கும் இதே விதிதான். உள்ளே இருக்கும் காற்று தரையின் குளிரை மேலே கொண்டுவரும், அதனால் மெத்தைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு போர்வை வேண்டும். காலையில் மெத்தை தளர்ந்திருந்தால் ஓட்டை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ராத்திரி குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். புது மெத்தையாக இருந்தால் முதல் சில நாள் அதன் ரப்பரோ பிளாஸ்டிக்கோ கொஞ்சம் நீளவும் செய்யும். மறுநாளும் அதே அளவு தளர்ந்தால் அப்போது ஓட்டையைத் தேடலாம்.

சுருட்டி அடைத்த நுரை மெத்தை வாங்கியிருந்தால் வந்த அன்றே பிரித்துவிடுங்கள். முழுசாக உப்புவதற்கு 24 முதல் 72 மணி நேரம் வரை பிடிக்கும். புது வாசனையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எந்த மெத்தையானாலும் காலையில் எழுந்ததும் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். ராத்திரி முழுவதும் உடம்பிலிருந்து இறங்கும் ஈரம், குளிர்ந்த தரையைத் தொடும் இடத்தில் தங்கிவிடும். தொடர்ந்து சில நாள் அப்படியே கிடந்தால் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். காலையில் தூக்கி நிறுத்தினால் பகலில் அறையும் விசாலமாகக் கிடைக்கும்.

கைக்குழந்தைக்கு மட்டும் சமாளிப்பு வேலை எதுவும் கூடாது. காற்று மெத்தையில் கைக்குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது. முகம் புதைந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. குழந்தைக்கு வேண்டியது கெட்டியான, சமமான படுக்கை. சுற்றித் தலையணையோ தளர்ந்த போர்வையோ இருக்கக் கூடாது. மடக்கி எடுத்துப் போகும் குழந்தைக் கட்டில் இருந்தால் அதை லாரியில் ஏற்றாதீர்கள்.

தாத்தா பாட்டி கூட வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு?

நாற்காலி வேண்டும். வேறு எதுவும் வாங்காவிட்டாலும் கைப்பிடி உள்ள இரண்டு மடக்கு நாற்காலிகளை முதல் நாளே வாங்கிவிடுங்கள், அல்லது இரவல் கேளுங்கள். சாமான் வந்த பிறகும் அவை பால்கனியில் பயன்படும்.

முட்டி வலிக்கிறவர்களைத் தரையில் உட்காரச் சொல்லக் கூடாது. "ஒரு நாள்தானே, சமாளித்துக்கொள்கிறேன்" என்று அவர்கள் சொன்னாலும் ஏற்காதீர்கள். தவிர்க்கவே முடியாமல் கீழே உட்கார்ந்துவிட்டால், எழுந்திருக்கும்போது நேரே தூக்கிவிடாதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, மண்டியிட்டு, முன்னால் அசையாமல் பிடித்திருக்கும் நாற்காலியின் இருக்கையில் இரண்டு கையையும் வைத்து, ஒரு காலை முன்வைத்து எழ வேண்டும். அவசரப்படுத்தாமல் விட்டால் அவர்களே எழுந்துவிடுவார்கள்.

ராத்திரியில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். புது வீட்டில் கதவு எந்தப் பக்கம், படி எங்கே என்று தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் தெரியாது. இந்த விளக்கு குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான்.

வீடு எதிரொலிக்கிறது. வீடியோ காலில் வாழ்த்துச் சொல்கிறவர்களுக்கு நாம் பேசுவது புரியவில்லை. என்ன செய்வது?

காலி அறையில் ஒலியை விழுங்க ஒன்றும் இல்லை. சுவர், தரை, கண்ணாடி எல்லாமே கெட்டியான பரப்புகள். சொன்ன சொல் அவற்றில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. நேரில் நம் காது ஓரளவு பிரித்துக் கேட்டுவிடும். போன் மைக்கால் அது முடியாது.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் இதே தொல்லை இருந்தது. பேசிய சொல் 5 நொடிக்கும் மேல் கூடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்ததாம். அதைச் சரிசெய்யச் சொன்னபோது வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கைத் திண்டுகளை ராத்திரிகளில் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அந்தத் திண்டுகளில் இருந்துதான் தொடங்கியது.

நீங்களும் அதையே செய்யலாம். வீட்டிலேயே சின்ன அறையாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மெத்தைகளை இரண்டு சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், தரையில் போர்வையை விரியுங்கள், திரைச்சீலைக் கம்பி இருந்தால் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுங்கள். போனை நடு அறையில் வைக்காமல் மெத்தைகள் நிற்கும் மூலையில், பேசுகிறவர்களுக்கு ஒரு கை தூரத்தில் வையுங்கள். துணிப்பைகள், போட்டுக் கழற்றிய ஸ்வெட்டர் எல்லாமே உதவும். இவ்வளவு செய்தாலே தூரத்தில் இருக்கும் பாட்டிக்குப் பேரன் சொல்வது தெளிவாகக் கேட்கும்.

இன்னொரு யோசனை. பத்துப் பேரை ஒரே அழைப்பில் சேர்க்காதீர்கள். எல்லோரும் ஒன்றாகப் பாட முயன்றால் ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும். ஒவ்வொருவரையும் ஒரு நிமிட வாழ்த்தைப் பதிந்து அனுப்பச் சொல்லிவிட்டு, நெருங்கியவர்களை மட்டும் நேரலையில் கூப்பிடுங்கள். பதிவுகளைக் குழந்தை அடுத்த நாளும் போட்டுப் பார்க்கும்.

சுவர் புதிதாகப் பெயிண்ட் அடித்தது. அலங்காரம் ஒட்டலாமா?

பெயிண்ட் தொட்டால் ஒட்டாது என்பதற்காக முழுக்க இறுகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் கரையும் சுவர் பெயிண்ட் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். முழுசாக இறுகுவதற்கு 2 முதல் 4 வாரம் வரை ஆகலாம். அதற்குள் நல்ல ஒட்டு டேப்பைப் போட்டு இழுத்தால் பெயிண்ட் படலமும் கூடவே உரிந்து வரும். வாடகை வீடென்றால் அது வேறு பிரச்சினை.

கதவு நிலை, ஜன்னல் கண்ணாடி, ஓடு பதித்த சுவர் இவைதான் பாதுகாப்பான இடங்கள். கண்ணாடியில் ஒட்டினால் பகல் வெளிச்சத்தில் வண்ணக் காகிதம் இன்னும் அழகாகத் தெரியும். பெயிண்ட் சுவரில்தான் ஒட்டியாக வேண்டும் என்றால் காகித டேப்பை மட்டும் பயன்படுத்துங்கள். கதவுக்குப் பின்னால் மறைவான இடத்தில் ஒரு துண்டை முதலில் ஒட்டிச் சோதியுங்கள். எடுக்கும்போது வெளிப்பக்கமாக இழுக்காமல், டேப்பை அதன்மேலேயே மடித்தாற்போல் திருப்பி, சுவரை ஒட்டியே மெதுவாக இழுங்கள். விழா முடிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். நாளாக ஆக ஒட்டு கெட்டிப்படும்.

என்னைக் கேட்டால், காலி வீட்டில் அலங்காரம் செய்ய வேண்டிய இடம் தரைதான். தரை அவ்வளவு விசாலமாக இனி ஒருபோதும் கிடைக்காது. பெரிய அட்டைகளையும் காகிதங்களையும் கூடம் முழுக்க விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, குழந்தைகள் கையில் மார்க்கரைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அப்படி விரித்த காகிதத்தில் பெரியவள் ஒரு சாலை வரைய, சின்னவன் அதில் பழைய வீட்டிலிருந்து புது வீடுவரைக்கும் கார் ஓட்டினான். விருந்தாளியாக வந்த குழந்தைகளும் ஆளுக்கொரு வீடு வரைந்து பெயர் எழுதினார்கள். பலூனைத் தரையில் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பது, கண்ணைக் கட்டி நடப்பது, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருண்டு போவது எல்லாம் சோபா வந்த பிறகு நடக்காது.

மெழுகுவத்தி, பலூன் விஷயத்தில் ஏதாவது கவனம் வேண்டுமா?

வேண்டும். வீட்டில் மேசை இல்லாததால் கேக்கும் மெழுகுவத்தியும் குழந்தைகளின் உயரத்துக்கு இறங்கி வந்துவிடும். பக்கத்திலேயே போர்வை, காகிதம், அட்டை எல்லாம் பரப்பி வைத்திருப்பீர்கள். மெழுகுவத்தி ஏற்றும் இடத்தைச் சுற்றி வெறும் தரையாக விடுங்கள், தலைமுடியைக் கட்டிவிடுங்கள், ஒரு சொம்புத் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும் வீடானால் அதன் சோதனைப் பொத்தானை முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை. பெரியவர்களே ஊதுங்கள், வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். காலித் தரையில் அவை சுலபமாகக் கண்ணில் படும்.

பாட்டுப் பாடும் மெழுகுவத்தி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை இவற்றுக்குள் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயில் கடுமையான புண் உண்டாக்கும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இவற்றை வாங்காமல் இருப்பதே என் விருப்பம்.

சமையலறை தயாராகவில்லை. விருந்துச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

வெளியிலிருந்து வரவழையுங்கள், அல்லது சமைக்காமல் சாப்பிடக்கூடியதை வாங்குங்கள். இதில் குற்ற உணர்ச்சி எதற்கும் இடமில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவரை ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். சமைத்த உணவும் கிரீம் பூசிய கேக்கும் அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் காலத்தில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். கிரீம் இல்லாத கேக் இந்த நிலைமைக்கு ஏற்றது.

அடுப்பு இணைப்பு வரவில்லை என்று கரி அடுப்பையோ, முகாம்களுக்குக் கொண்டுபோகும் கேஸ் அடுப்பையோ வீட்டுக்குள் பற்றவைக்காதீர்கள். கரியமில வாயு வேறு, இதில் வரும் கார்பன் மோனாக்சைடு வேறு. இதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும்.

மேசைக்கு மாற்றாக: பாத்திரங்களோ புத்தகங்களோ நிறைந்த, அமுக்கினால் உள்வாங்காத பெட்டி. காலி அட்டைப்பெட்டியின் மேல் கேக்கை வைக்காதீர்கள், நடுவில் அமுங்கிவிடும். கவிழ்த்த சூட்கேஸும் நன்றாக நிற்கும்.

குழந்தைக்கு இங்கே யாரையும் தெரியாது. யாரை அழைப்பது?

பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் பெற்றோரின் குரல் கம்மும். பழைய ஊரில் இருபது பிள்ளைகள் வந்தார்கள், இங்கே ஒருவரும் இல்லையே என்ற ஏக்கம். குழந்தைக்கு அந்தக் கணக்கு அவ்வளவாக இல்லை. ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் அது விழாதான்.

அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டுங்கள். "நாங்கள் புதிதாக வந்திருக்கிறோம், சாயங்காலம் எங்கள் பெண்ணுக்குப் பிறந்தநாள், வீட்டில் இன்னும் சாமான்கூட வரவில்லை, பிள்ளைகளை அரை மணி நேரம் அனுப்ப முடியுமா?" என்று உள்ளபடி சொல்லுங்கள். சாமான் வரவில்லை என்று சொல்லவே வெட்கப்படுகிறார்கள் சிலர். நான் பார்த்தவரை அந்த ஒரு வரிதான் அக்கம்பக்கத்தை நெருங்க வைக்கிறது. நாற்காலி வேண்டுமா, தட்டு வேண்டுமா என்று அவர்களே கேட்பார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கப் போகும்போது இரண்டாவது பேச்சு தொடங்கும்.

பரிசு வேண்டாம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். முன்பின் தெரியாதவர்களுக்குத் தர்மசங்கடம் இருக்காது.

கூச்ச சுபாவமுள்ள குழந்தை என்றால் அழைக்கும் முன் அதனிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டு ஆட்கள் மட்டும் போதும். அப்போது பழைய தோழிகளில் ஒரே ஒருத்தியோடு நீண்ட வீடியோ கால் ஏற்பாடு செய்யுங்கள். போனைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டே நடக்க விடுங்கள். "இது என் அறை, கட்டில் இங்கே வரும், உனக்கு இங்கே படுக்கை போடுவோம்" என்று உங்கள் குழந்தை சொல்லத் தொடங்கும்போது புது வீட்டில் அதற்கு ஓர் இடம் அமைந்துவிடுகிறது. அந்த அழைப்பைக் குறுக்கே புகுந்து முடித்துவிடாதீர்கள்.

பதின்வயதுப் பையன் எதுவுமே வேண்டாம் என்கிறான். விட்டுவிடலாமா?

விழாவை விட்டுவிடுங்கள், அந்த நாளை விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் இடமாற்றம் மிகவும் வலிக்கும். நண்பர்கள்தான் அவர்களுக்கு உலகம், அந்த உலகத்தைப் பெற்றோர் எடுத்த முடிவு பறித்துக்கொண்டது. "இங்கேயும் நண்பர்கள் கிடைப்பார்கள்" என்று அன்றைக்குச் சொல்ல வேண்டாம். அது உண்மைதான், ஆனாலும் அவன் இழந்ததைச் சின்னதாக்கிவிடும்.

அவன் அறை எது, அதில் கட்டில் எந்தச் சுவரோரம், சுவருக்கு என்ன நிறம் என்ற முடிவுகளை அன்றைக்கு அவன் கையில் கொடுங்கள். இணைய இணைப்பு முதலில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நண்பர்களோடு ராத்திரி நெடுநேரம் பேசினாலும் கண்டுகொள்ளாதீர்கள். பிடித்த சாப்பாடு, ஒரு சின்னக் கேக், அவ்வளவு போதும்.

பிறந்தநாள் எனக்கேதான். வீடு மாறுகிற வேலை முழுவதும் என் தலையில். நான் என்ன செய்வது?

பெரும்பாலும் அம்மாக்கள் கேட்பது இது. "என் பிறந்தநாளுக்கு என்ன அவசரம்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அன்று அரைநாளாவது சாமான் கம்பெனிக்குப் போன் செய்வது, மின் இணைப்புக்காரருக்குக் காத்திருப்பது, சமையலறை அலமாரி துடைப்பது எதுவும் உங்கள் பொறுப்பில்லை. இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இதை வாசிக்கும் கணவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அவர் எழுந்திருக்கும் முன் அன்றைய வேலைகளைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் உங்கள் பெயரைப் போட்டு, சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். பூங்கொத்தைவிட அதைப் பார்த்து அவர் அதிகம் சந்தோஷப்படுவார். பூங்கொத்தும் வாங்கலாம், ஆனால் அதை வைக்க வாயகன்ற குவளை ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குப் பிறந்தநாள். சேர்த்துக் கொண்டாடலாமா?

பெரியவர்கள் இருவர் என்றால் தாராளமாக. குழந்தைகள் என்றால் வேண்டாம். இரண்டு மெழுகுவத்தி, இரண்டு தனித்தனி நாள். செலவு அவ்வளவாக அதிகரிக்காது.

என்ன பரிசு கொடுக்கலாம்?

வந்த அன்றே பயன்படும் பொருளாகக் கொடுங்கள். தரையில் போட்டு உட்காரும் திண்டு, கையில் பிடித்துப் படிக்கும் விளக்கு, தன் பெயர் எழுதிய போர்வை, நூலக உறுப்பினர் அட்டை. பாகங்களைச் சேர்த்துப் பூட்ட வேண்டியது, அலமாரி வேண்டியது, பெரிய இடம் பிடிப்பது எல்லாம் சாமான் வந்த பிறகு. வாங்கித் தருகிறோம் என்று சொல்லி வைத்தால் மட்டும் போதாது. அதன் படத்தை வரைந்தோ எழுதியோ ஒரு உறையில் போட்டுக் கையில் கொடுங்கள்.

சாமான் வருவதற்குள் வீட்டில் முடித்துக்கொள்ள வேண்டிய வேலை என்ன?

இந்தக் காலி நாட்களை வீணாக்கக் கூடாது. அலமாரி வந்து நின்றுவிட்டால் அதன் பின்சுவரை மறுபடி பார்க்கவே பல வருடம் ஆகும்.

முதல் வேலையாகத் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே, மின்சார மெயின் சுவிட்ச் எங்கே என்று கண்டுபிடித்து, வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் காட்டுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து சில நிமிடம் ஓடவிட்டுத் தொட்டிக்கு அடியில் கையால் தடவிப் பாருங்கள். கசிவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலில் தெரியும். போன் சார்ஜரை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய் ஒவ்வொரு பிளக் பாயிண்டும் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். சுவரில் இருக்கும் விரிசல், கீறல், ஈரத்திட்டு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வாடகை வீட்டில் முன்பணம் திரும்ப வாங்கும் நாளில் அது பேசும்.

அப்புறம் அளவெடுப்பது. பெரிய சாமான்களின் நீள அகலத்தைக் குறித்து, காகித டேப்பால் தரையில் அதே அளவில் கட்டம் ஒட்டுங்கள். கட்டில் இங்கே, மேசை இங்கே. அப்படியே இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். அலமாரிக் கதவு திறக்கும்போது கட்டிலில் இடிக்குமா, ராத்திரி எழுந்து போக வழி இருக்குமா என்று உடம்புக்கே தெரிந்துவிடும். வாசல் கதவு, படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட் உள்ளளவு இவற்றையும் அளக்க மறக்காதீர்கள். கூடத்தில் பொருந்துகிற சோபா வாசலில் சிக்கி நின்ற வீடுகள் உண்டு. ஒட்டிய கட்டங்களில் குழந்தைகள் பிறந்தநாளன்று குதித்து விளையாடுவார்கள், விடுங்கள்.

பிறந்தநாளுக்காக அவசரமாக ஒரு சோபா, மேசை வாங்கிவிடலாமா?

வேண்டாம். அறைக்குள் வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, எல்லோரும் இயல்பாக எங்கே கூடி உட்காருகிறார்கள் என்று கொஞ்ச நாள் பார்க்காமல் வாங்குவது பெரும்பாலும் தவறான அளவாகவே முடியும். அந்தப் பணத்தில் திண்டுகள், மடக்கு நாற்காலி, நல்ல விளக்கு ஒன்று வாங்குங்கள். காலி வீட்டை வெறுமையாகக் காட்டுவது பெரும்பாலும் கூரையில் எரியும் ஒற்றை பல்புதான். அதை அணைத்துவிட்டு மூலையில் தரையோடு ஒரு விளக்கை வைத்துச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள், அறையே மாறிவிடும்.

ஜன்னலுக்குத் திரை மட்டும் காத்திருக்க முடியாத விஷயம். ராத்திரி விளக்குப் போட்டால் வெளியிலிருந்து வீடு முழுவதும் தெரியும். படுக்கை விரிப்பைக் கிளிப்பால் மாட்டுங்கள், இப்போதைக்குப் போதும்.

சரியாகப் பிறந்தநாளன்றே லாரி வந்துவிட்டால்?

விழாவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். லாரி எப்போது வேண்டுமானாலும் வரட்டும், கண் விழித்ததும் மெழுகுவத்தி ஏற்றி ஊதியாயிற்று என்றால் அந்த நாள் யாராலும் கெடாது. சாமான் இறக்கும் நேரத்தில் சின்னக் குழந்தைகளைப் பெரியவர் ஒருவர் வெளியே கூட்டிப் போக வேண்டும், அல்லது ஓர் அறைக் கதவைச் சாத்தி அதற்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பெரிய குழந்தை என்றால் பெட்டி எண்களைப் பட்டியலில் டிக் செய்யும் வேலையைக் கொடுங்கள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மிகப் பொறுப்பாகச் செய்வார்கள். பட்டியலைச் சரிபார்க்காமல் மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உடைந்தது, குறைந்தது எல்லாம் அந்தத் தாளிலேயே எழுதப்பட வேண்டும்.

எல்லாம் வந்து இறங்கிவிட்டது. எதை முதலில் பிரிப்பது?

குழந்தைகளின் கட்டில், பிறகு பெரியவர்களின் கட்டில், பிறகு சமையலறை. அலங்காரப் பொருள்கள் கடைசியில். உயரமான அலமாரி, புத்தக அடுக்கு, இழுப்பறைப் பெட்டி இவற்றை நிறுத்தியவுடனே சுவரோடு சேர்த்துப் பிணைத்துவிடுங்கள். இழுப்பறைகளைப் படிபோல ஏறும் குழந்தையின் மேல் அவை அப்படியே சாயக்கூடியவை. பிறகு செய்யலாம் என்று விட்டால் அந்த வேலை நடக்கவே நடக்காது. குளிர்சாதனப் பெட்டியை லாரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். கம்பிரசரிலிருந்து இடம் மாறிய எண்ணெய் திரும்ப இறங்க வேண்டும். எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று அதன் கையேட்டில் இருக்கும், கையேடு கைக்குக் கிடைக்கவில்லை என்றால் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.